மொட்டை ஜீப்பும் கொழுந்து மூட்டையும்

அன்ஸார் மொதலாளிக்கு வட்டவளை பஜார்ல அரிசி, கருவாட்டுக் கடை. நான் சின்னராசா, அந்தக் கடைக்கு டிரைவர். அம்பத்தஞ்சாம் வருசம் ஏலத்துல ஒரு யுத்த காலத்து ஜீப்ப எடுத்துட்டு வந்து வாசல்ல நிப்பாட்டினாரு. பாத்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. முன் சக்கரத்துக்கு இழுவை குடுக்குற ஷாப்ட்டையே எவனோ கழட்டி வித்திருக்கான். நாலு சக்கரமும் இழுக்குதுன்னு வாங்கின வண்டி, ரெண்டு சக்கரத்துலதான் ஓடுது.

“என்ன மொதலாளி, பாதி வண்டிய வாங்கிட்டு வந்திருக்கீங்க?”

“மீதிய நீ செஞ்சிரு. ஆனா கையில காசு இல்ல” ன்னு சிரிக்கிறாரு மனுசன்.

மேல்மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அதான் தொழிலாளிங்க குடியிருக்குற வரிசை வீடுகளுக்கு, சாமான் ஏத்திட்டுப் போகணும்னு அவருக்கு ஆசை. மழை பேஞ்சா அந்த ஏத்தத்துல தோட்டத்து லாரியே போகாது. எனக்கு வேற கவலை. என் பொஞ்சாதி ராசம்மா அந்த லயத்துலதான் இருந்தா, முழுகாம. மூத்த புள்ளைக்கு வலி கண்டப்போ அவள கம்பளியில கட்டித் தூக்கிக்கிட்டு எறங்கினோம். பாதி வழியிலேயே புள்ள போயிருச்சு. இந்தத் தடவ வலி எடுத்த ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரணும்னு மருத்துவச்சி கண்டிசனாச் சொல்லிட்டா. அதனால வண்டியச் சரி பண்ற கூலியப் பத்தி நான் வாயே தொறக்கல.

“வண்டி மேல ஏறுச்சுன்னா மொதல் சவாரி ராசம்மாவுக்கு” ன்னேன்.

“தந்தேன்டா” ன்னாரு.

அரிசி மூட்டை மேல உக்காந்து திட்டம் போட்டோம். ஹட்டன் பட்டறை ஒண்ணுல ஒடஞ்ச ஜீப்பு கெடக்குது, அதுல ஷாப்ட் இருக்குது. புது டயரெல்லாம் கனவுலதான். இருக்குற வழுக்கை டயர்லயே கத்தியப் பழுக்கக் காய்ச்சிப் பள்ளம் வெட்டிக்கலாம். சரி, ஷாப்ட்டுக்குக் காசு? பின் சீட்டு, கூடாரக் கம்பி, பின் கதவு, பம்பர் அத்தனையும் கழட்டி வித்துரலாம்னாரு மொதலாளி. பாரமும் கொறயும், வண்டி சும்மா பறக்கும்னாரு. கடைக்கு வந்திருந்த லயத்து ஆளுங்களும் ஆமா ஆமான்னாங்க. சொல்லாம என்ன செய்வாங்க? காலம் பூரா கூடையும் மூட்டையுமா மேடு ஏறுற சனம் நாங்க. பாரம் கொறஞ்சா ஏத்தம் லேசு, அதுல யாருக்குச் சந்தேகம் வரும்?

ஷாப்ட் பூட்டினோம். சக்கரத்துக்குக் காவல் ரோதை முனி, அவருக்கு ஒரு தேங்கா ஒடச்சோம். மொட்டையடிச்ச ஜீப்பு பஜார் ரோட்டுல ஜோராத்தான் போச்சு. மேட்டுல ஓட்டிப் பாக்கறதுக்குள்ள, நாளுக்கு முந்தியே ராசம்மாவுக்கு வலி வந்திருச்சுன்னு மேல இருந்து மூக்கன் ஓடியாந்தான். அவன் ராசம்மாவோட தம்பி. மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. அவனையும் மொதலாளியையும் ஏத்திக்கிட்டுக் கெளம்பினேன்.

ரோடு வளையிற கோயில் முடக்குல வண்டி நின்னுருச்சு. நாலு சக்கரமும் சேந்து சுத்துது, மண்ண வாரி எறைக்குது, ஒரு அடி நகர மாட்டேங்குது. லாரி நின்னா எப்பவும் செய்யறத ரெண்டு பேரும் செஞ்சாங்க. எறங்கித் தள்ளினாங்க. அது இன்னும் மோசமா சுத்துச்சு. நாசமாப் போற வண்டின்னு ஸ்டியரிங்கக் குத்தினேன். இந்தப் புள்ளையும் போயிருமோன்னு ஆக்சிலேட்டர இன்னும் அமுக்கினேன்.

தள்ளித் தள்ளிக் கால் வழுக்கி மொதலாளி பின்னாடி தொத்திக்கிட்டாரு. மனுசன் நல்ல கனம். வண்டி ஒரு மொழம் ஏறுச்சு! அவரு எறங்கினாரு, பழையபடி வழுக்கி வந்துருச்சு.

“எறங்காதீங்க மொதலாளி! பாரம் வேணும், பாரம்!” னு கத்தினேன்.

ரோட்டோரம் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பேச்சியம்மாவும் மத்த பொண்ணுங்களும் கொழுந்து மூட்டையோட, மழையில மேல வர முடியாத லாரிக்குக் காத்துக்கிட்டு நின்னாங்க. எடை போடுற மடுவத்துக்குப் போக வேண்டிய கொழுந்து, மழையில நனைஞ்சு ஈயமாக் கனக்குது. பேச்சியம்மா வேற எதுவும் கேக்கல. தன் மூட்டையத் தூக்கி ஜீப்புல போட்டா.

கணக்கப்புள்ள முத்துலிங்கம் கொடையப் போட்டுட்டு ஓடியாந்தாரு. “ஏய், கொழுந்து கீழல்ல போகணும்! மேல எங்க கொண்டு போறீங்க? கசங்கின கொழுந்த எடை போட மாட்டேன். எல்லாருக்கும் இன்னிக்கு அரைப்பேருதான், பாதிச் சம்பளம்!”

“போட்டுக்கங்க கணக்கப்புள்ள” ன்னா பேச்சியம்மா. “ஏன்டி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஏத்துங்கடி!”

ஒருத்தி பாக்கியில்லாம எல்லாரும் ஏத்தினாங்க. மூட்டை மேல பேச்சியம்மாவும் ஏறி உக்காந்தா, மொதலாளியும் உக்காந்தாரு. நான் மெதுவா கிளட்ச விட்டேன். டயரு மண்ணக் கடிச்சுச்சு. முக்கி மொனகி முடக்கத் தாண்டிருச்சு.

லயத்துல ராசம்மாவத் தூக்கி அந்தக் கொழுந்து மூட்டை மேலேயே படுக்க வச்சோம். பேச்சியம்மா அவ பக்கத்துலேயே உக்காந்துக்கிட்டா. எறங்கையில ஒவ்வொரு குழிக்கும் அவ அலற, நான் பல்லக் கடிச்சுக்கிட்டு ஓட்டினேன். திரும்பிப் பாக்கவே பயமா இருந்துச்சு. கோயில் முடக்கு தாண்டினதும் ராசம்மா சத்தம் நின்னு போச்சு. அப்புறம் எஞ்சின் சத்தத்தையும் மீறி ஒரு புள்ள வீல்னு கத்துச்சு.

வண்டிய ஓரங்கட்டினேன். எஞ்சின நிறுத்தல. நிறுத்தினா மறுபடி தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். ஸ்டியரிங்ல தலைய வச்சு ஓன்னு அழுதேன்.

முதுகுல ஓங்கி ஒரு அடி விழுந்துச்சு. பேச்சியம்மா.

“பொம்பளப் புள்ளடா, நல்லா இருக்கு. அழுவுறத ஆஸ்பத்திரியில வச்சுக்க. ஓட்டு!”