கழுவாத இரண்டாவது டப்பா

1

இதை நான் யோசித்து உண்டாக்கவில்லை. ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் பேருந்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பின் இருக்கையில் கேட்டது. முகம் பார்க்கவில்லை. திரும்பினால் பேச்சு நின்றுவிடும்.

"எத்தினி செல்லி இருக்குதுக்கா?"

"ஒம்போது."

"நான் ஒருத்திதானக்கா இருக்கேன்?"

"அதாண்டி சொல்றேன். கம்ப்யூட்டர்ல ஒம்போது பேரா இருக்க. அந்த ஃபங்ஷன்ல கோளாறு."

"ஃபங்ஷனா? யாரு வூட்டுல?"

அக்கா சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு லிஸ்ட்டு ஒட்டிடுவாங்களேக்கா" என்றாள். உத்தனப்பள்ளியில் இருவரும் இறங்கிவிட்டார்கள். முடிவும் அங்கேயே இறங்கிவிட்டது.

2

எழுத உட்கார்ந்தேன். தொடக்கம் ஒன்று: [2004ஆம் ஆண்டு, ஓசூர் சிப்காட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு] மழை எதற்கு? வேண்டாம்.

தொடக்கம் இரண்டு: [செல்லிக்குத் தகப்பன் இல்லை. அதனால்தான் அவள் பெயருக்கு முன்னால் இனிசியலும்]

இங்கே, எழுதிக்கொண்டிருந்த தாளில், செல்லியே குறுக்கே வந்துவிட்டாள்.

"அம்மா, எங்கப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்காரு. தளிப் பக்கம் வந்து பாருங்க, ராகிக் கொல்லையில நிக்கிறாரு."

"பின்னே ஏம்மா இனிசியல் இல்லை?"

"எங்கூருல எவனும் கேட்டதில்ல. செல்லின்னா நான்தான். வேலைக்குச் சேர்றப்ப கேட்டாங்க, இல்லீங்கன்னேன். அதுக்குப் போயி எங்கப்பனைக் கொன்னுப்புட்டீங்களே!"

மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். சோகம் சேர்த்தால்தான் கதை ஓடும் என்ற பழக்கம். கை அதுவாகவே போகிறது.

3

பின் இருக்கை அக்காதான் தமிழ்செல்வி. செல்லி வேலை செய்யும் ஓசூர் தொழிற்சாலையில், வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவள். கம்ப்யூட்டர் அவளுக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. காண்ட்ராக்ட் ஆட்களின் வருகைப் பதிவு மாதாமாதம் அதில் ஏறும். கேள்வி கேட்டால் முனகிக்கொண்டே பதில் சொல்லும்.

பேருந்துக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, அவள் கேட்ட கேள்வி: இரண்டு வருடத்தில் நானூற்று எண்பது நாள் வேலை செய்தவர்கள் யார்? பதிலில் பெயர் வந்தால் நிரந்தரம். வராவிட்டால் திங்கட்கிழமையோடு சரி, அடையாள டோக்கனை வாசல் கேட்டில் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

பதிலில் செல்லி பெயர் வரவில்லை. காய்ச்சலோடும் வேலைக்கு வந்த செல்லி.

தமிழ்செல்வி கேள்வியை மாற்றினாள். செல்லி என்ற பெயரில் யாரெல்லாம்? எம். செல்லி, 61 நாள். கே. செல்லி, 74. ஆர். செல்லி, 22. இப்படியே ஒன்பது பேர். கூட்டினாள். ஐநூற்று ஆறு.

மதியம் சாப்பிடாமல் பழைய ப்ரோக்ராமை வரி வரியாகப் படித்தபோது பிடிபட்டது. ஒவ்வொரு ஆளுக்கும் கம்ப்யூட்டர் இரண்டு டப்பா வைத்திருக்கிறது. ஒன்றில் பெயர், இன்னொன்றில் இனிசியல். ஃபங்ஷன் என்கிற ப்ரோக்ராம் துண்டு இரண்டையும் எடுத்து ஒட்டி, இன்னார் என்று முடிவுசெய்து, அந்த மாதத்து நாட்களை அவர் பேரில் சேர்க்கும். இனிசியல் இல்லாத ஆள் வந்தால் இரண்டாவது டப்பாவில் எதையும் வைக்காது. ஆனால் காலியும் செய்யாது. மேல் வரியில் இருந்தவரின் இனிசியல் அப்படியே கிடக்கும்.* செல்லிக்கு மேலே கே. முனிராஜ் இருந்த மாதம் அவள் கே. செல்லி. எம். எல்லப்பன் இருந்த மாதம் எம். செல்லி. மாதத்துக்கு மாதம் வரிசை மாறியது. அவளும் மாறிக்கொண்டே இருந்தாள்.

(* பேருந்தில் இதை அக்கா சொன்ன விதம்: "நேத்து பொரியல் வெச்ச டப்பாவைக் கழுவாம இன்னிக்கும் மூடி எடுத்துட்டு வந்தா உள்ள என்னடி இருக்கும்? அதுலயும் அடுத்த வூட்டுப் பொரியலு." தங்கை சொன்னது: "ஊசிப் போயிருக்கும்.")

4

தமிழ்செல்வி மேனேஜர் ராஜேஷ்குமாரிடம் போனாள்.

"சார், ஒரே ஒரு வரி சேர்த்தா போதும். அடுத்த ஆளை எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு டப்பாவையும் காலி பண்ணுன்னு."

"எவ்ளோ நாளா இப்படி ஓடுது?"

"ஆரம்பத்துலேர்ந்து சார்."

"அப்ப நான் கையெழுத்துப் போட்ட லிஸ்ட்டெல்லாம்?"

தமிழ்செல்வி ஒன்பது செல்லிகளின் தாளை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"இத பாரும்மா. அடுத்த மாசம் புது சாஃப்ட்வேர் வருது. இதுல கை வெக்காத. அந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் ஒரு இனிசியல் போட்டு விடு. இன்னிலேர்ந்து ஒண்ணு ரெண்டுன்னு எண்ணட்டும்."

"திங்கக்கிழமையோட வேலையே இல்லையே சார், எதை எண்ணும்?"

"பத்து மணிக்கு லிஸ்ட் போர்டுல இருக்கணும்."

[அவர் கண்களில் குரூரம்] எழுதினேன், அடித்துவிட்டேன். குரூரம் எல்லாம் இல்லை. களைத்துப்போன மனிதர். அந்த வகையில் எனக்குச் சொந்தக்காரர்.

அவர் சொன்னதை மீறுவாளா என்ற என் சந்தேகமெல்லாம் தமிழ்செல்வி மேல்தான். மூன்று வருடம் முன்பு இருளாயி என்று ஒருத்தி, அவளுக்கும் இனிசியல் இல்லை, டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றாள். "என் பேரு வரலீங்களே" என்றாள். "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதும்மா" என்று அனுப்பிவைத்தாள் தமிழ்செல்வி. இது என் கற்பனை அல்ல. "நான்தாண்டி அப்படிச் சொல்லி அனுப்புனேன்" என்று பின் இருக்கையில் கேட்டது.

5

முடிவு அ: திங்கள் காலை எட்டு மணிக்கு தமிழ்செல்வி அந்த ஒரு வரியைச் சேர்க்கிறாள். பிரிண்டர் கரகரக்கிறது. ஒரே செல்லி, ஐநூற்று ஆறு. ராஜேஷ்குமார் மனம் மாறிக் கையெழுத்து

"அவரா? நீங்க அவரைப் பார்த்ததே இல்லீங்கம்மா" என்கிறாள் செல்லி.

முடிவு ஆ: பழைய பட்டியலே ஒட்டப்படுகிறது. [செல்லி டோக்கனை வாட்ச்மேன் கையில்] இதற்குமேல் எழுத வரவில்லை.

முடிவு இ: பத்து மணிக்கு போர்டில் இரண்டு தாள்கள். ஒன்று மேனேஜர் கையெழுத்திட்டது. பக்கத்திலேயே ஒன்பது செல்லிகளும், கூட்டுத்தொகையும், கீழே தமிழ்செல்வியின் கையெழுத்தும். எனக்குப் பிடித்தது இதுதான். பிடித்திருப்பதாலேயே நம்பப் பயமாக இருக்கிறது.

"அம்மா, சுத்தி வளைக்காதீங்க. எனக்கு வேலை இருக்கா, இல்லியா?"

"தெரியாதும்மா. நீங்க உத்தனப்பள்ளியில இறங்கிட்டீங்க."

"அப்ப காலியா வுட்டுடுவீங்களா?"

அதுதான் பயம். சும்மா காலியாக விட்டால், படிக்கிறவர்கள் இதற்கு முன் படித்த கதையின் முடிவு அவர்கள் டப்பாவில் மிச்சமிருக்கும். அதையே இங்கேயும் ஒட்டிவிடுவார்கள். அது யாரோ ஒரு செல்லியின் முடிவாக இருக்கும். இவளுடையது அல்ல.

அதனால் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன். மறந்து விட்ட காலி அல்ல இது, வைத்த காலி. தமிழ்செல்வியின் விரல் இன்னும் கீபோர்டின் மேலேதான் இருக்கிறது. அவள் என்ன செய்தாள் என்பதை நீங்கள் சொல்லுங்கள். ஆனால் உங்களிடம் பழையது எதுவும் ஒட்டியிருந்தால் இவள் பெயருக்கு முன்னால் வைக்காதீர்கள்.

வேலை செய்த நாட்கள்: 506.

இனிசியல்:

பெயர்: செல்லி.