பதினேழாம் பக்கத்துப் பையன்

எங்கள் மழலைக் கல்வி இதழுக்கு முப்பது வயது. அதன் வரலாற்றைச் சிறப்பிதழாகக் கொண்டுவருகிறோம். நான்கு மணிக்குள் அச்சகத்துக்குக் கோப்பு போயாக வேண்டும். பதினோரு மணியிலிருந்தே நான் கடிகாரத்தையும் கணினித் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் பதினேழாம் பக்கம். இதழின் முதலாண்டில், நான் நர்சரி டீச்சராக இருந்தபோது எழுதிய குறிப்பின் மறுபதிப்பு அது: ‘தொண்ணூறு நாள் பேசாத குழந்தை’. ஓடி விளையாட வராமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த நான்கு வயதுப் பையனை, நோட்டும் கையுமாகக் கவனித்து எழுதியது. சில நாள் என் அருகில் வந்து நின்றுவிட்டுப் போவான் என்றும் எழுதியிருந்தேன். தாயைப் பிரிந்த ஏக்கம் என்று முடித்திருந்தேன். பெயர் போடவில்லை. பயிற்சிக் கல்லூரிகளில் அதைப் பாடமாகவே வைத்தார்கள். இதழும் பிழைத்தது, நானும் பத்திரிகை ஆசிரியர் நாற்காலியில் ஏறினேன்.

அந்தப் பையன்தான் இப்போது என் எதிரே கணினியில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தான்.

போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தான். பாதி இல்லாத இடது புருவத்தைப் பார்த்ததுமே எனக்குப் பகீரென்றது. அவனுக்கு என்னைத் தெரிந்த மாதிரி இல்லை. முடி நரைத்து, கண்ணாடி போட்டு, ஒரு சுற்றுப் பெருத்துப்போனவளை எப்படித் தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் புருவமும் குறிப்பில் இருக்கிறதே! அந்த வரியை எடுத்திருக்கலாம். பழைய இதழில் ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் நான்தான்.

பதினாறு முடிந்து பதினேழு திரையில் வந்தது. மவுஸ் மேலிருந்த அவன் கை அப்படியே நின்றுவிட்டது. என் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

“மேடம், இதுல ஒரு தப்பு இருக்கு,” என்றான்.

“எழுத்துப்பிழையா தம்பி?” என்றேன்.

“இல்ல. பேசலன்னு போட்டிருக்கு. நான் பேசினேன் மிஸ்.”

மேடம் போய் மிஸ் வந்துவிட்டது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“பக்கத்துல வந்து மெதுவாச் சொல்வேன். நீங்க நிமிரவே மாட்டீங்க. கையைத் தொட்டா, ‘இரு கண்ணா, எழுதிட்டு வரேன்’பீங்க.”

வெட்கத்தில் காது சுட்டது. திருத்தம் குறிக்கச் சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டிருந்தேன், பழக்க தோஷம். மூடி வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

“என்ன சொன்னே கண்ணா?”

“ஷூ கடிக்குதுன்னு மிஸ்.”