மூன்றாம் பாகத்தின் வெடிகள்

2003 நவம்பர் 15, சனிக்கிழமை. கண்டி நகரத் தியேட்டர் ஒன்றில் பிற்பகல் இரண்டரை மணிக் காட்சி சற்றுப் பிந்தித் தொடங்கியது.

எப்படி அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது, கை முதலில் வந்தது, வெடி பிறகுதான் வந்தது, இது நவரட்ணராஜாவுக்கு நிச்சயம், கண் போனவனுக்கு எது முதல் எது பிறகு என்பதில் பிசகு வராது... முதல் தடவை தற்செயல் என்று விட்டுவிட்டான். திரையில் ஒரு விண்கலத்தின் கதவு திறக்கும் சத்தம், சப்பாத்துக் காலடிகள், பிறகு ஒன்றுமே இல்லாத ஓர் அமைதி, அந்த அமைதிக்குள் மனைவி சத்தியபாமாவின் விரல்கள் அவன் மணிக்கட்டை இறுக்கின, மூச்சை இழுத்துப் பிடிக்க அவகாசம் கிடைத்தது, அதன் பிறகே கூரை அதிர்ந்தது. இரண்டாவது வெடிக்கும் அப்படியே. அதற்கு அடுத்ததற்கும். இடையில் அவள் வழக்கம்போலக் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள், ‘இப்ப பெட்டியைத் திறக்கினம், பனி வழிஞ்சு கொட்டுது, அவன் கண் முழிக்கிறான், தாடி ஒண்டும் வளரேல்லை.’ பனிப்பெட்டிக்குள் தூங்கவைக்கப்பட்ட ஒரு சிப்பாயின் கதை அது, சூரியன் மங்கிக்கொண்டு போகும் காலம், யுத்தம் மூளும்போதெல்லாம் அவனை எழுப்புவார்கள், முடிந்ததும் திரும்பப் படுக்கவைப்பார்கள், முதலாம் பாகத்தில் ஒருமுறை, இரண்டாம் பாகத்தில் ஒருமுறை, இந்த மூன்றாம் பாகத்தோடு யுத்தமும் முடிகிறது படமும் முடிகிறது என்று விளம்பரம் போட்டிருப்பதாகப் பாமாதான் பேப்பரை வாசித்துச் சொன்னாள். வாருங்கோ போவம் என்று எத்தனை நாள் கேட்டாள், அவன்தான் மாட்டேன் என்றான், பிறகு இந்தக் கிழமை திடீரென்று கெஞ்சுவதை விட்டுவிட்டு, ‘சனிக்கிழமை போறம், சேட்டு எடுத்து வைச்சிட்டன்’ என்றாள், எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்ட ஒருத்தியின் குரலில். அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? இப்போது சிப்பாய் தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான், மனைவி ஓடிவந்து திறக்கிறாள், வயலின் இழைகிறது, மனம் இளக வேண்டிய இடம் என்று கண்ணில்லாதவனுக்கே விளங்குகிறது, பாமா வெகு சாதாரணமாகச் சொல்கிறாள், ‘இவன் அவனில்லை, மெஷின் செய்து அனுப்பின போலி, அவளுக்குத் தெரியாது.’ மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. வெகுநேரம் கழித்துத்தான் படமே அதைச் சொன்னது, முன்வரிசையில் யாரோ ‘அம்மோ’ என்று வாய்விட்டுக் கத்தினான். ஆக, இவள் இந்தப் படத்தை ஏற்கனவே பார்த்துவிட்டாள். யாரோடு?

முதலாம் பாகத்தை அவன் கண்ணால் பார்த்தவன். கொழும்பில், தொண்ணூற்று நான்கில், கல்யாணமான புதிது, கோப்பாயில் தமிழில் படித்து வந்த பாமாவுக்கு அந்த நடிகர்களின் ஆங்கிலம் பிடிபடவில்லை, அவன்தான் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான், அந்தப் படம் அவன் வாய்வழியாகத்தான் அவளுக்குப் போனது, அதில் ஒரு பெருமை இருந்தது, சொல்லப்போனால் படத்தைவிட அதுதான் ருசித்தது. தொண்ணூற்றாறு ஜனவரியில் கோட்டையில் குண்டு லொறி வெடித்தபோது அவன் கந்தோரில் யன்னலோரம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான், யன்னல் முழுவதும் உள்ளே வந்தது. கண்ணாஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஒரு பொலிஸ்காரன் வந்து, முன்கூட்டியே உனக்கு யார் சொன்னது என்று கேட்டான், தமிழனுக்குத் தெரிந்திருக்கும் என்பது அவன் எண்ணம், தெரிந்திருந்தால் இவர் ஏன் யன்னலடியில் இருந்தார் என்று பாமா உடைந்த சிங்களத்தில் திருப்பிக் கேட்டாள், அவன் போய்விட்டான். அதன்பிறகு டீச்சரான அவளுக்குக் கண்டிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றம், அம்பிட்டியவில் வாடகை வீடு, மேட்டு வழியில் அவள் தோளைப் பிடித்தபடி நடை. இரண்டாம் பாகம் வந்தபோது இதே தியேட்டர், சொல்லும் வேலை அவளுடையதாகியிருந்தது. எதிர்பாராமல் ஒரு வெடி, அடுத்த கணம் அவன் ஆசனத்துக்குக் கீழே, சிமெந்துத் தரையில், கச்சான் கடலைக் கோதுகளின் மேல்... பக்கத்து ஆசனக்காரனும் அங்கேதான் இருந்தான், அவனுடைய தலை இவனுடைய தோளில் இடித்தது, ‘சொரி மஹத்தயா’ என்றான். லீவில் வந்த சிப்பாய், தலைமயிர் வெட்டைப் பார்த்தால் தெரிந்தது என்று பாமா பிறகு சொன்னாள். யாரோ டோர்ச் அடித்தார்கள், பின்னால் சிரித்தார்கள். இனிப் படம் வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னவன்தான் இப்போது இந்த ஆசனத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான், கைக்குப் பிறகு வெடி, கைக்குப் பிறகு வெடி என்று ஒன்றையும் தவறவிடாமல் கவனித்துக்கொண்டு.

தியாகராஜாவாகத்தான் இருக்கும். வேறு யார்? வத்தேகமவிலிருந்து வருகிற விஞ்ஞான மாஸ்டர், பாமாவின் பள்ளிக்கூடம், வாயில் எந்நேரமும் பெப்பர்மின்ட், சொந்த வளவுப் பலாக்காயோடு வீட்டுக்கு வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தால் எழும்ப மனம் வராது, அவன் சொல்கிற பகிடிகளுக்குப் பாமா சிரிக்கிற சிரிப்பு தொண்டையிலிருந்து வராது, வயிற்றிலிருந்து வரும். போன மாதம் வந்தபோது அவன்தான் கதையை எடுத்தான், ‘மூணாம் பாகம் வந்திருக்கு சார், பசங்க வாயில வேற பேச்சே இல்ல, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன்.’ ரெண்டு பேரும் என்று எதற்காக அழுத்திச் சொன்னான்? அதற்குப் பாமா ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்தாள், அந்த மௌனத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள், பார்த்திருக்கத்தான் வேண்டும், பார்வைக்குச் சத்தம் இல்லை. இடைவேளைக்கு வெளிச்சம் போட்டிருப்பார்கள், பேச்சுகள் உயர்ந்தன, கேட்டுவிடுவோம் என்று கேட்டான்.

‘பாமா, நீர் இந்தப் படம் முதலே பாத்திட்டீரோ?’

‘எங்கை பாக்கிறது? இண்டைக்குத்தானே வாறம்.’

‘இல்லை, அவன் போலியெண்டு சொன்னீரே.’

‘முகத்தைப் பாத்தாலே தெரியுதே அப்பா. ரோல்ஸ் வாங்கவோ, சூடாப் பொரிக்கிறான்.’

முகத்தைப் பார்த்தால் தெரியும் என்கிறாள், அதைக் கண்ணில்லாதவன் எப்படிச் சரிபார்ப்பது. ரோல்ஸில் மிளகு கூடிப்போயிருந்தது. அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், அந்தப் பொய்யின் ஓரம் நடுங்கியது, அதை அவன் கேட்டான். பிறகு வெளிச்சத்தை அணைத்திருப்பார்கள், மண்டபம் அடங்கியது, அங்கே போலிக்காரன் வீட்டில் இருந்து சாப்பிடுகிறான், தோட்டத்தில் தண்ணீர் ஊற்றுகிறான், மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், உண்மையானவன் எங்கோ ஒரு சுரங்கத்தில் கல்லில் கையை ஊன்றி ஊன்றி ஏறிக்கொண்டிருக்கிறான். போலிக்குக் கண் நன்றாகத் தெரியும் அல்லவா, அவனுக்கு எதையும் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை, அவள் பக்கத்தில் இருந்து சும்மா சிரித்தால் போதும்... தியாகராஜா பக்கத்தில் இருந்து பெப்பர்மின்ட் நீட்டியிருப்பான், இருட்டில் விரலை விரல் தேடியிருக்கும். கை மணிக்கட்டை இறுக்கியது, வெடித்தது. அவன் அசையவில்லை. இந்தக் கையைத்தானா அன்றைக்கு அவனும்... கை இறுக்கியது, வெடித்தது. அசையவில்லை. எவ்வளவு சரியாகப் பிடிக்கிறாள், பாடமாக்கியவளைப் போல, ஒரு தடவை வேறொருவனோடு சிரித்துக்கொண்டு பார்த்தவளுக்கு இத்தனை இடமும் இப்படி நினைவில் நிற்குமா? அந்தக் கேள்வி அவனுக்குப் பிடிக்கவில்லை, தள்ளிவிட்டான். ‘இப்ப நகரத்துக்கு மேல கண்ணாடிக் கூரை, வெயில் வருது,’ என்றாள், ‘ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கொண்டு நடக்கினம், ஒண்டுமில்லை, சும்மா நடக்கினம்.’ அவள் விரல்கள் தளர்ந்திருந்தன. அப்போதுதான் கண்ணாடி உடைந்தது. வெடிகூட இல்லை, அதற்குப் பின்னால் வருகிற அந்தச் சலசலப்பு, ஆயிரம் துண்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இறங்கும் சத்தம், எந்தப் படக்காரனுக்கும் தெரியாது என்று அவன் ஏழு வருடமாக நம்பிக்கொண்டிருந்த சத்தம். முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தான், முன் ஆசனத்தின் முதுகில் நெற்றி மோதியது, பக்கத்தில் இன்னொரு நெற்றியும் மோதியது, பாமா. அவளும் குனிந்திருந்தாள், அவள் மூச்சு அவன் காதில் கிழிந்துகொண்டிருந்தது. ‘எனக்குத் தெரியாது,’ என்றாள், ‘இது எனக்குத் தெரியாது அப்பா.’ மற்றதெல்லாம் தெரியும் என்று சொன்னதாக அவளுக்கே விளங்கவில்லை.

பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள், திரீவீலர்களின் புகை, யாரோ வெற்றிலை துப்பும் ஓசை, அதற்குள் பெப்பர்மின்ட் வாசம்.

‘அட, சார். என்ன, டீச்சரோட ஊர்வலமா?’

‘படத்துக்கு,’ என்றான் நவரட்ணராஜா.

‘அந்த மூணாம் பாகமா? நல்லாருக்கா? நமக்கு எங்க சார் நேரம், செவ்வாக்கிழமகூட டீச்சர் தலவலினு பத்து மணிக்கே லீவு போட்டுட்டுப் போயிட்டாங்க, அவங்க ஒன்பது பி கிளாஸ் மத்தியானம் வரைக்கும் என் தலையில. அத்தனையும் வானரம் சார். தொண்டத் தண்ணி வத்திப் போச்சு.’

‘சரி மாஸ்டர், பஸ் வெளிக்கிடப் போகுது,’ என்றாள் பாமா, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை. வழக்கமான நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வந்தாள், பிள்ளைகளின் கட்டுரைகளைப் பற்றிப் பேசினாள், மீன் பொரித்தாள். பத்தரைக் காட்சிக்கு, தனியாக; அந்நேரம் தியாகராஜா வகுப்பில் கத்திக்கொண்டிருந்தான்... நெஞ்சு லேசாக வேண்டும், அவன் காத்திருந்தான், பஸ் ஏரிக்கரையால் திரும்பும்வரை காத்திருந்தான், லேசாகவில்லை. எங்கெங்கே வெடிக்கும் என்று பார்த்து வைத்துக்கொள்ளத்தான் போயிருக்கிறாள், அது விளங்கிவிட்டது, அவன் தரையில் விழக்கூடாது என்பதற்காக. ஆனால் அந்தக் கண்ணாடிக்கு? அந்த இடத்தில் அவள் எங்கே இருந்தாள், எழுந்து வெளியே போய்விட்டாளா, கண்ணைப் பொத்திக்கொண்டாளா, அல்லது வெடிகளையும் அவனையும் மறந்துவிட்டு, வாய் திறந்து யாருக்கும் ஒன்றும் சொல்லவேண்டியிராத இருட்டில், கைகள் இரண்டையும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கூரைக்குக் கீழே நடக்கும் அந்த இரண்டு பேரையும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாளா? அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. அதில் எந்த ஆணும் இல்லை. அவனும் இல்லை.

‘தலையிடி இப்ப எப்பிடி?’ என்று கேட்டான்.

கொண்டக்டர் மிச்சக்காசு கொடுத்துவிட்டுப் போனான்.

‘இப்ப இல்லை,’ என்றாள்.

அம்பிட்டியவில் இறங்கி மேட்டில் ஏறினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தியேட்டரில் படம் மாற்றப்பட்டது.