கூன் போட ஓர் ஆசை

ஊரில் உள்ள பிள்ளைகளை எல்லாம் "நிமிர்ந்து உட்காரு" என்று பெற்றவர்கள் பிடுங்கி எடுத்துக்கொண்டிருக்க, பதினாலு வயது ஆமைக்கு ஒரே ஆசைதான்: கூன் போட்டு உட்கார வேண்டும். கடைசி பீரியடில், முழங்கையை ஊன்றி, உள்ளங்கையில் மோவாயை முட்டுக் கொடுத்து, பிழிந்து போட்ட துணி மாதிரி துவண்டு கிடக்க வேண்டும்.

ஆமை என்பது தங்கை வைத்த பெயர். அக்குளிலிருந்து இடுப்பு வரை இறுக்கிப் பிடித்த பிளாஸ்டிக் பிரேஸை வேறு என்னவென்று சொல்வாள்? முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைகிறது. வளர்ந்து முடிகிறவரை அது மேலும் வளையாதிருக்க, நாளுக்கு இருபது மணி நேரம் அந்த ஓட்டுக்குள் வாசம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். எக்ஸ்ரே இல்லை. வெறும் முதுகில் ஒளிக்கோடுகள் விழும், கேமரா பார்க்கும், கணினி மேட்டைச் சிவப்பாகவும் பள்ளத்தை நீலமாகவும் வரையும். போன தடவை பெரிய டாக்டர் வாயை விட்டிருந்தார்: "அடுத்த படத்துல முன்னேற்றம் தெரிஞ்சா, பள்ளிக்கூட நேரத்துல கழட்டிடலாம்மா."

அன்றிலிருந்து குளியலறைக் கண்ணாடிதான் கதி. இடது குதிகாலை விரற்கடை தூக்கினால் இடுப்பு சமமாகிறது. மூச்சை இழுத்துப் பிடித்தால் தோள் சமமாகிறது. மூன்று மாதம் அசுர சாதகம்.

இன்றைக்குப் பார்த்துப் பெரிய டாக்டர் விருந்தாளிகளை வரவழைத்திருந்தார். வெளி அறையில், உள்ளே எடுக்கும் படம் அப்படியே விழும் பெரிய திரை முன்னால், அந்த இயந்திரத்தைத் தானே பத்து மாதம் சுமந்து பெற்றதுபோல் பேசிக்கொண்டிருந்தார். நேரான முதுகின் மகிமை பற்றிய அந்த உரையை அவர் கேள்விக்குறி மாதிரி வளைந்து நின்றுதான் ஆற்றினார்.

உள்ளே ஆமை, அம்மா, ஸ்கேன் எடுக்கும் அக்கா. தரையில் வரைந்த பாதங்களின் மேல் ஆமை நின்றாள். குதிகால் எழுந்தது. மூச்சு நின்றது. படம் விழுந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல். "பாத்தீங்களா, சிவப்பையே காணோம்! ஸ்கூல் நேரம் என்ன, பிரேஸே இனி வேணாம்!" என்று டாக்டர் முழங்கினார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா மட்டும் தன் எதிரே இருந்த சின்னத் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"என்ன கண்ணு, குதிகாலுக்கு றெக்கை முளைச்சிருக்கா?"

ஆமை குதிகாலை இறக்காமலே நின்றாள்.

"இதையே பதிவு பண்ணிட்டா இன்னைக்கே கழட்டிடலாம். அவரும் குஷியா இருப்பாரு. ஆனா உள்ள இருக்கற எலும்பு படத்தை எல்லாம் பாக்காது. அது பாட்டுக்கு வளையும்."

"ஒரு நாள்கூட முடியாதாக்கா? ஒரே ஒரு நாள் மத்தவங்க மாதிரி உக்காந்துட்டு வரேனே."

அக்கா கேமராவின் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தாள்.

குதிகால் மெல்லத் தரையைத் தொட்டது. ஆமை மூச்சை விட்டாள். மூன்று மாதச் சாதகமும் அதோடு போயிற்று. அக்கா பொத்தானை அழுத்தினாள். திரையில் வலது பக்கச் சிவப்பு மேடு, எங்கே போயிருந்தோம் என்பதுபோல் வந்து உட்கார்ந்தது. போன தடவை இருந்த அதே அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வெளியே கைதட்டல் அறுந்தது. ஓர் இருமல். பிறகு டாக்டரின் குரல்: "முதல்ல வந்தது… சும்மா ஒரு வெள்ளோட்டம்."

"இன்னும் மூணு மாசமா?" என்றாள் ஆமை.

"மூணு மாசம்தான். வளைவு கூடாம நின்னிருக்கே, அது உன் ஓடு பண்ணின வேலை," என்றாள் அக்கா. பிறகு மேசையைத் துழாவினாள். "அடடா, உன் ஃபைலைக் காணோமே. தேடி எடுக்க அரை மணியாவது ஆகும். அதுவரைக்கும் பிரேஸை மாட்ட வேணாம், அப்படி உக்காரு."

ஆமை சட்டையைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் தோள் சரிந்தது. பிறகு வயிறு மடிந்தது. கடைசியில் மோவாய் உள்ளங்கையில் போய்ச் சேர்ந்தது. அம்மா பழக்கத்தில் வாயைத் திறந்தாள்.

"கொஞ்சம் தள்ளுடி," என்று பக்கத்தில் உட்கார்ந்து அவளும் துவண்டாள்.

அக்கா தன் முழங்கைக்கு அடியில் இருந்த ஃபைலை வெகு மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.