நாலு எடைக்கல் குறைந்தது

லிஃப்டின் பிரேக் கட்டையை விரலால் தடவிப் பார்த்தேன். தேய்ந்து தேய்ந்து வழவழவென்று இருந்தது. போதாததற்குக் கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து அதன்மேல் படிந்திருந்தது. எட்டுப் பேர் ஏறும் லிஃப்ட், ஏழு மாடிக் கட்டடம். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் வேறு யாருமில்லை, என் அக்கா கணவர்தான். ஏழாவது மாடியில் குடியிருக்கிறார்கள். முட்டி ஆபரேஷன் ஆன அக்கா தினமும் நாலு தடவை அதில் ஏறி இறங்குகிறாள்.

"இதுக்கு நான் சான்றிதழ் தர மாட்டேன் அத்தான். கட்டையை மாத்தற வரைக்கும் லிஃப்டை நிறுத்துங்க" என்றேன்.

"ஆரம்பிச்சுட்டியா? ஆபீஸை இழுத்து மூடியும் உன் புத்தி மட்டும் இன்னும் அங்கேயே உக்காந்திருக்கு."

பன்னிரண்டு வருடம் நான் அரசாங்கத்தில் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவள். போன வருடம் சட்டத்தை மாற்றி, எங்கள் ஆபீஸை மூடி, ஆய்வைத் தனியாரிடம் விட்டுவிட்டார்கள். கட்டடக்காரர் தனக்குப் பிடித்த நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். நானும் பிழைப்புக்காக அப்படி ஒரு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டேன்.

"மறந்துட்டியா? ஒரு கையெழுத்துக்காக உங்க ஆளுங்க நாலு மாசம் இந்த லிஃப்டுக்குச் சீல் வச்சாங்க. தையல் பிரிச்ச மறுநாளே உங்க அக்கா ஏழு மாடி ஏறினா. அப்ப எங்க போச்சு உன் அரசாங்கம்? இப்ப போட்டி இருக்கு. கூப்பிட்டா அன்னைக்கே ஓடி வர்றாங்க."

அவர் சொன்னது உண்மைதான். அந்த நாலு மாதமும் அந்த ஃபைல் என் பக்கத்து மேசையில்தான் கிடந்தது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"யாரு நல்லாப் பாக்கறாங்கன்னா போட்டி நடக்குது? யாரு பாக்காம விடறாங்கன்னுதான் நடக்குது."

"பேச்சு எதுக்கு? சோதிச்சுக் காட்டு. நின்னுச்சுன்னா கையெழுத்துப் போடு."

லிஃப்ட் தாங்கவேண்டிய எடையைவிடக் கால் பங்கு கூடுதலாக இரும்பு எடைக்கற்களை ஏற்றி, அது இறங்கும்போது மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பிரேக் பிடித்து நிறுத்தினால் தேறியது. இந்தக் காலத்தில் எவன் கல் சுமக்கிறான்? நான் நச்சரித்ததால் என் நிறுவனம் வேண்டாவெறுப்பாக வேனில் அனுப்பியிருந்தது. எண்ணிப் பார்த்தால் நாலு கல் குறைந்தது. எண்பது கிலோ.

"அவ்வளவுதானே? நான் எண்பத்திரெண்டு கிலோ. நானே ஏறிக்கறேன்" என்று அத்தான் சிரித்தார்.

சோதனையில் ஆள் ஏறக்கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது என்னை அப்படியே எரித்தது. "ஏறுங்க" என்றேன். வாய் தவறிச் சொல்லவில்லை, கோபத்தில் தெரிந்தேதான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

லிஃப்டை இரண்டாம் மாடிக்கு மேலே போக விடவில்லை. அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறைக்குப் போய் இண்டர்காமை எடுத்தேன்.

"அத்தான், இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. இறங்கிடுங்க."

"பயமா இருந்தா நீ கீழ வா. இல்லன்னா சுவிட்சை இறக்கு."

லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. மெயின் சுவிட்சை இறக்கினேன். பிரேக் டப்பென்று மூடியது. சக்கரம் நிற்கவில்லை. கம்பி வடம் ஓடிக்கொண்டே இருந்தது. கையால் பிடித்து நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. கீழே எங்கோ தொம்மென்று ஒரு சத்தம். இண்டர்காமில் கத்தினேன், பதில் இல்லை. அக்காவுக்கு என்ன சொல்வேன், என்ன சொல்வேன் என்று புலம்பிக்கொண்டே ஏழு மாடியும் ஓடி இறங்கினேன்.

காவலாளி சாவி போட்டுக் கதவைத் திறந்திருந்தார். லிஃப்டுக்கு அடியில் குழியில் இருக்கும் ஸ்பிரிங் தாங்கியிருந்தது. அத்தான் எடைக்கற்கள்மேல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அவர் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு போனை எடுத்து வேறொரு நிறுவனத்தைக் கூப்பிட்டார். "போட்டோ அனுப்பினா போதும்ல?" என்று கேட்டார்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. "நீங்களே உள்ள இருந்தீங்களே அத்தான்" என்றேன்.

"கொஞ்சம் வழுக்கிச்சு, அவ்வளவுதான். ரெண்டு வாரம் நிறுத்தினா அஞ்சாவது மாடி டாக்டர் காலி பண்ணிட்டுப் போயிடுவாரு."

என் மேலாளருக்குப் போன் செய்தேன். "கஸ்டமர் போயாச்சுல்ல, நமக்கென்ன? கிளம்பி வா" என்றார். பழைய ஆபீஸுக்கு அடித்தால், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. சீல் வைக்கும் அதிகாரம் என்னிடம் இப்போது இல்லை, யாரிடமும் இல்லை. முக்கால் மணி நேரத்தில் சான்றிதழ் போனுக்கே வந்து, அச்சாகி, லிஃப்டுக்குள் ஒட்டியும் ஆகிவிட்டது. காவலாளி கற்களை இறக்கி வைத்து லிஃப்டை ஓடவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. திறந்த கதவுக்கு நடுவே போய் நின்றுகொண்டேன்.

டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் சேர்ந்துவிட்டார்கள். "அதான் சான்றிதழ் இருக்கே, நகரும்மா" என்றார் காலில் கட்டுப் போட்ட ஒருவர். அவர்மேல் என்ன தப்பு? அப்போதுதான் அக்கா காய்கறிப் பையுடன் வாசலுக்குள் வந்தாள்.

"என்னடி இது, வழியை மறிச்சுக்கிட்டு?"

"பிரேக் பிடிக்கல அக்கா. ஏறாத."

"உன் தங்கச்சிக்கு அரசாங்க வேலை போன ஆத்திரம். சான்றிதழ் வந்தாச்சு, நீ ஏறு" என்றார் அத்தான்.

அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சரி, கால் கடுக்குது. நீங்களும் வாங்க, சேர்ந்தே போயிடலாம்" என்றாள்.

அத்தான் போனைப் பார்த்தார். "நீ முன்னாடி போ. நான் படியில வரேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாடிப்படிப் பக்கம் திரும்பி, கைப்பிடியைப் பற்றி, நல்ல காலை முதல் படியில் வைத்தாள். அடுத்த காலைத் தூக்கும்போது தடுமாறினாள். நான் ஓடிப்போய் அவளைத் தாங்கினேன்.

பின்னால் லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். காத்திருந்தவர்கள் எல்லோரும் ஏறிவிட்டிருந்தார்கள்; கீழே அத்தானைத் தவிர யாரும் இல்லை.