பிளக் பக்கத்தில் ஒரு நாற்காலி

மூன்றாவது தடவையாகக் கரண்ட் போனபோது அவள் கத்தவில்லை. கத்துவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. பிரார்த்தனைக் கூடத்தின் விளக்குகள் அணைந்தன. மாமனாரின் ஆக்சிஜன் மெஷின் நீளமாக ஒரு விசிலடித்துவிட்டு நின்றது. அவள் குழாயை மெஷினிலிருந்து பிடுங்கி, பக்கத்திலிருந்த சின்ன சிலிண்டரில் மாட்டித் திருகைத் திறந்தாள். சிலிண்டரின் அளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குள் போய்விட்டிருந்தது. இன்னொரு தடவை கரண்ட் போனால் சிலிண்டர் காலி. அதற்கப்புறம் அவருக்கு மூச்சுக்கு வழியில்லை.

புயல் தெருவையே வாரிக்கொண்டு போனதில், தப்பியவர்கள் எல்லோரும் இந்த ஒரே கூடத்தில்தான் இருந்தார்கள். புது சிலிண்டர் வாங்கப் போன அவள் கணவன், பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடியதால் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டான். ஆகவே, பின்கட்டில் இருமிக்கொண்டிருக்கும் அந்தக் கிழட்டு ஜெனரேட்டர்தான் கதி.

"இந்தத் தடவை யாரு?" என்றாள்.

கூடம் முழுவதும் விட்டத்தைப் பார்த்தது. தையல்காரர் மட்டும் எழுந்து வந்தார்.

"நான்தான்மா இஸ்திரி போட்டேன். ஆனா முடிச்சு, பிளக்கைப் புடுங்கி, துணியை மடிச்சும் வச்சுட்டேன். அப்பல்லாம் கரண்ட் இருந்துச்சு. அப்ப நான் எப்படிக் காரணமாவேன்?"

"இப்ப எதுக்குண்ணே இஸ்திரி?"

"உங்க மாமனார் சட்டைதான். ஈரத்தோட கிடந்தா நெஞ்சுக்கு ஆகுமா?"

"அப்ப கெட்டில் யாரு வச்சது?"

"நான்தான்டி" என்றார் பெரியக்கா. கூடத்துப் பிரார்த்தனைக் குழுவுக்குத் தலைவி அவர். இங்கே யார் எங்கே படுப்பது என்பதுவரை அவர் சொல்வதுதான் சட்டம். "இப்பதான் வச்சேன். தண்ணி வெதுவெதுன்னுகூட ஆகலை. பெரியவருக்கு ஆவி பிடிக்கலாம்னு பார்த்தேன்."

அவள் லிஃப்ட் மெக்கானிக். இதை ஏற்கெனவே இரண்டு தடவை விளக்கியிருந்தாள். ஜெனரேட்டரின் பிரேக்கருக்குள் இரண்டு வேறு வேறு உலோகத் தகடுகள் ஒட்டியிருக்கும். கரண்ட் அதிகமாகப் பாய்ந்தால் இரண்டும் சூடாகும். ஆனால் ஒன்று அதிகமாக நீளும், மற்றது குறைவாக நீளும். அதனால் ஜோடியாக வளையும். ஓரளவுக்கு மேல் வளைந்தால் இணைப்பைத் தட்டிவிடும். சிக்கல் என்னவென்றால், சூடேறவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும். இஸ்திரிப்பெட்டி தகட்டை முக்கால்வாசி வளைத்துவிட்டுப் போயிருக்கும். அது ஆறுவதற்குள் வந்த கெட்டில் மீதியை வளைக்கும். முதல் ஆள் முடித்துவிட்டார், இரண்டாம் ஆள் இப்போதுதான் தொடங்கினார். ஆகவே இருவருமே நிரபராதிகள்! ஆறும்வரை பிரேக்கரை மறுபடி போடவும் முடியாது.

இதையெல்லாம் உள்ளங்கைகளை ஒட்டி வைத்து, வளைத்து வளைத்துக் காட்டியிருந்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் கை தட்டவும் செய்தார். கூடத்திலிருந்த ஒரே போர்டில், மெஷினுடையது தவிர மற்ற பிளக் பாயிண்டுகளைக் கழற்றிவிடலாமென்றால் கருவிப்பை வெள்ளத்தோடு போயிருந்தது. அவற்றின் மேல் டேப் ஒட்டினாள். யாரோ அதைக் கிழியாமல் உரித்து, அழகாகச் சுருட்டி, "வீணாப் போகக்கூடாதுல்ல" என்று அவளிடமே கொடுத்துவிட்டார்கள்.

"கெட்டவங்களா இருந்தா நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிடலாம் மாமா" என்று மாமனாரிடம் பல்லைக் கடித்தாள். "எல்லாம் உங்களுக்காகத்தான் செய்றாங்க. ஆசையாலயே உங்களைக் கொன்னுடுவாங்க."

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மூச்சுக்கு மூச்சு இடம் விட்டுப் பேசினார். "கதவுல சாயாதீங்கன்னு... எழுதி வச்சிருப்போம். எல்லாரும்... அந்த எழுத்து மேலதான் சாய்வாங்க."

பிரேக்கர் ஆறி மெஷின் மறுபடி உறுமத் தொடங்கியது. சிலிண்டரை மூடினாள். முள்ளைப் பார்க்கப் பயமாக இருந்தது. புயல் அடித்ததிலிருந்து இந்த பிளக்குக்குக் காவல் இருந்து அவள் கண் இமை ஈயமாகியிருந்தது. அசந்தால் போச்சு, மூன்று தடவையும் அப்படித்தான் ஆனது.

கூடத்தின் முன்பக்கம் ஒரு நாற்காலி கிடந்தது. அதுதான் அவளுக்குக் கூடுதல் எரிச்சல். புயல் தொடங்கியதிலிருந்து சங்கிலிப் பிரார்த்தனை நடக்கிறது. ஒருவர் உட்கார்ந்து முணுமுணுப்பார். அடுத்தவர் வந்து தோளைத் தொட்டால்தான் எழுவார். கரண்ட் போனது, ஆள் மூச்சுக்குத் தவித்தார், அந்த நாற்காலி மட்டும் அசையவில்லை. அதைக் கேட்டுவிட வேண்டுமென்று எழுந்தவள் பாதியில் நின்றாள்.

அசையவே இல்லை. இத்தனை நேரத்தில் யாரும் அதில் தூங்கவில்லை, 'ஒரு நிமிஷம்' என்று எழுந்து போகவில்லை. ஒரு பிளக்கைச் சும்மா விடத் தெரியாத இதே கூட்டம்தான் ஒரு நாற்காலியைக் காலியாக விடவில்லை.

"பெரியக்கா, அந்த நாற்காலியை இங்க, இந்த பிளக் பக்கத்துல போட்டுக்கலாமா?"

"அது எப்படிடி? முன்னால பார்த்தில்ல உக்காரணும்."

"பின்னால உக்காந்தா மேல இருக்கறவருக்குக் கேக்காதா?"

பெரியக்கா யோசித்தார். மாமனார் குழாயைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "முன் சீட்டோ... பின் சீட்டோ... பஸ் ஒரே இடத்துக்குத்தான்மா போகும்."

"பெரியவர் வாய்க்கு மட்டும் ஆக்சிஜன் குறையவே இல்லை" என்றார் பெரியக்கா. "சரி, போடலாம். ஆனா உன் முறையும் உண்டு."

"எனக்குப் பிரார்த்தனை பண்ணத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சவங்க யாரு இங்க? போய்ப் படு."

நாற்காலி வந்தது. முதலில் தையல்காரர் உட்கார்ந்தார். அவள் படுத்தாள், ஆனால் கண்ணை மூடவில்லை. சற்று நேரத்தில் ஓர் அம்மாள் ஹேர் டிரையரோடு நைசாக வந்தாள். பெரியவரின் தலையணை ஈரமாம். தையல்காரர் முணுமுணுப்பை நிறுத்தவில்லை, கண்ணைத் திறக்கவுமில்லை. ஒரு கையை மட்டும் நீட்டி, டிரையரை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பிரார்த்தனையைத் தொடர்ந்தார். அதைப் பார்த்தபடியேதான் அவள் தூங்கிப்போனாள்.

யாரோ தோளைத் தொட்டார்கள். சாயங்கால வெயில் தரையில் கிடந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

"உங்க முறைம்மா" என்றார் தையல்காரர். எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்து மறுபடி அவர் முறை வந்ததோ.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. யாரிடம் என்றும் தெரியவில்லை. பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் சத்தம். முழங்கால்வரை சேறோடு அவள் கணவன்! தோளில் புது சிலிண்டர். ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் தோளை இன்னும் யாரும் தொடவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

அவன் சிலிண்டரை அப்பாவின் பக்கத்தில் இறக்கினான். பிறகு முதுகுப்பையிலிருந்து பளபளவென்று ஒன்றை எடுத்து, ஒயரைப் பிரித்தான்.

"அப்பாவுக்குக் குளிருமேன்னு ஹீட்டர் வாங்கிட்டு வந்தேன்."

"வேண்டாம்!" என்று கூடமே எழுந்து நின்றது.

"கடவுளே..." என்று அவள் தலையில் கை வைத்தாள்.

"ம், நல்லாத்தான் ஆரம்பிச்சிருக்க" என்றார் பெரியக்கா. "அப்படியே மேல சொல்லு."