ஓடுவதற்கு மட்டும்

அவள் கடைக்குள் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையின் நீலப் பட்டை, என் வீட்டுக்காரர் தினமும் மாட்டிக்கொண்டு போகிற அதே பட்டை. கட்டையாக வெட்டிய முடி. போன மாதம் ஜெயித்த ஒரே கோப்பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்ற போட்டோவை, அவர் போனில் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேனோ. பாட்மிண்டன் இரட்டையர் ஆட்டத்தில் அவருடைய ஜோடி. ஜோடி என்றுதான் அவரும் சொல்வார், கூச்சமே இல்லாமல். "நெட் பக்கத்துல அவங்க நின்னா எனக்குக் கவலையே இல்ல" என்று சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வயிறு மட்டும் புளிக்காமல் எரிந்துகொண்டே இருந்தது.

அவளுக்கு என்னைத் தெரியவில்லை. ஷூ கடையில் காலடியில் உட்காருகிறவள் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

"பாட்மிண்டன் ஆடத்தான். இது அழகா இருக்கே?" என்று ஊதா நிறத்தில் ஒன்றை எடுத்தாள்.

ஓடுகிற ஷூ. குதிகாலில் இரண்டு விரல் உயரத்துக்கு மெத்தை. முன்னால் மட்டும் போகிறவர்களுக்காகச் செய்தது. கோர்ட்டில் ஆடுகிறவர்கள் பக்கவாட்டில் தாவுகிறவர்கள். தாவி ஊன்றும்போது அந்த உயரம் அப்படியே சாய்ந்து கணுக்காலைக் கவிழ்த்துவிடும். அடி தட்டையாக, தரையைக் கவ்வுகிற ரப்பராக, இரண்டு பக்கமும் பாதத்தை இறுக்கிப் பிடிப்பதாக இருக்க வேண்டும். தினம் பத்துப் பேருக்காவது இதைச் சொல்கிறேன். அந்த மாதிரி ஷூ, கைநீட்டினால் எட்டுகிற தட்டில்தான் இருந்தது.

"உங்க காலுக்கு எடுப்பா இருக்கு," என்றேன்.

வியாழக்கிழமை அவர் வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. முகம் வாடியிருந்தது.

"அவங்களுக்குக் கால் பிசகிடுச்சு. சைடுல தாவினாங்க, அப்படியே மடங்கிடுச்சு. எக்ஸ்ரே எடுத்துக் கட்டுப் போடற வரைக்கும் நான்தான் கூட இருந்தேன். பாவம், அழுதுட்டாங்க."

கைத்தாங்கலாகத்தான் கூட்டிப்போயிருப்பார். எந்தக் கை, எந்தத் தோள் என்றுதான் என் மனம் முதலில் கேட்டது. அவளுடைய வலி அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"உங்க கடை ஷூதானாம். யாரோ விவரங்கெட்டவன் ஓடுற ஷூவைத் தலையில கட்டியிருக்கான். நீ இருந்திருந்தா விட்டிருப்பியா?"

"நான்தான் வித்தேன்."

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "அவங்க யாருன்னு தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் கோர்ட் பேச்சே இல்லை. நான் ஆசைப்பட்டது அதுதான். கிடைத்தபோது பாதிச் சோற்றிலேயே கை கழுவி எழுந்தேன்.

ஐந்து வாரம் கழித்து அவள் தாங்கித் தாங்கி நடந்து கடைக்கு வந்தாள். நேராக என்னிடம்.

"இந்தத் தடவை நீங்களே பார்த்துக் குடுங்கக்கா. ஷூ விஷயத்துல உங்களை அடிச்சுக்க ஆளே இல்லன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு நான் நெகிழ்ந்திருக்க வேண்டும். அந்தப் பாராட்டை என்னிடம் சொல்லாமல் இவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாரே என்று அப்போதும் உள்ளே புகைந்தது.

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவளாகவே காலை நீட்டினாள். கட்டுத் துணியின் வரிகள் தோலில் இன்னும் மறையவில்லை.

"அன்னைக்கு நீங்க சொல்லியிருப்பீங்க," என்று சிரித்தாள். "நான்தான் கலர்ல மயங்கி, காதுல வாங்கியிருக்க மாட்டேன்."

"இல்லம்மா. நான் சொல்லல. தெரிஞ்சும் சொல்லல."

சிரிப்பு அவள் உதட்டிலேயே நின்றுவிட்டது. வீக்கம் முழுசாக வடியாத கணுக்கால் என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. அவள் அதை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பாரத்தை முழுசாக என் கையில் விடவும் இல்லை.